பச்சை முகமூடியின் நாற்பத்தோராவது நிமிடம்

கைக்குழந்தை மடியில் தூங்கிவிட்டது. அசைந்தால் எழும்பிவிடும் என்று அப்படியே கதிரையில் சாய்ந்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்த மகள் பாடசாலையில் இருந்தாள். என் கைபேசியில் கணவர் கிரிக்கெட் பார்ப்பதால், அது எனக்கு வேண்டாத விளையாட்டுகளையெல்லாம் முன்னால் கொண்டுவந்து வைக்கும். அன்று அது ஒரு பழைய மல்யுத்த நிகழ்ச்சியை வைத்தது. யாரோ வீடியோ நாடாவிலிருந்து எடுத்து ஏற்றியிருந்தார்கள். படத்தின் அடியில் கோடுகள் ஓடின. சிறிய படத்தில் பச்சை முகமூடி அணிந்த ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். இருபத்துநாலு வருடங்களாக அவனைக் காணவில்லை.

நாற்பத்தேழு நிமிடக் காணொளி. சத்தத்தை நிறுத்தி வைத்து, நாற்பத்தோராவது நிமிடம் வரை பார்த்தேன். பிறகு விரலால் நிறுத்தினேன். அதற்கு அப்பால் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் மின்சாரம் போனது அந்த இடத்தில்தான்.

அதற்கு அப்பால் என்ன நடந்தது என்பதை அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். பச்சை முகமூடி வென்றான் என்றார். அதை நம்பித்தான் ஒன்பது வயதில் நான் மலேரியா மாத்திரையை விழுங்கினேன். இப்போது அப்பா சொன்னது உண்மையா என்று அறிய எனக்கு ஆறு நிமிடம் போதும். ஆனால் விரல் போகவில்லை.

இதில் தயங்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு இருந்தது. மகளுக்கு ஊசி போடக் கூட்டிப்போனபோது, "நோகாது எண்டு சொல்லு" என்று மாமியார் சொல்ல, "கொஞ்சம் நோகும்" என்று சொன்னவள் நான். பிள்ளை ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள். மாமியார் வீடு வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. செய்தது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. அந்த வழக்கில் எனக்கிருந்த ஒரே சாட்சி அப்பா. அப்பா எங்களுக்குப் பொய் சொன்னதில்லை. அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அந்தக் காலத்தில் அப்பாவுக்குச் சீனன்குடாத் துறைமுகத்து மா ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை. மாலையில் வரும்போது காது மடலுக்குள்ளும் புருவத்திலும் மா இருக்கும். எங்கள் ஒழுங்கையில் நல்ல படம் தெரியும் தொலைக்காட்சி எங்கள் வீட்டில் இருந்தது. புதன்கிழமை ஏழு மணிக்கு மல்யுத்தம். அதைப் பார்க்க வருபவர்களில் ஒருவர் நானா. அப்பாவோடு மூட்டை தூக்கியவர், கிண்ணியாக்காரர். அப்போது பாலம் இல்லை. பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்துதான் போகவேண்டும். அதனால் வேலை நாட்களில் எங்கள் ஒழுங்கை முடிவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்ச் சனிக்கிழமை திரும்புவார். அப்பாவுக்கு மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல அப்பா அவரை நானா என்பார், நாங்களும் நானா என்போம்.

அப்பாவும் நானும் பச்சை முகமூடியின் பக்கம். நானா மீசைக்காரனின் பக்கம். மீசைக்காரன் என்பவன் மலைபோல ஒரு மனிதன். மீசை இரண்டு பக்கமும் தாடை வரை தொங்கும். நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணில் விரலை விடுவான். அது நானாவுக்குப் பிடிக்கும்.

"தம்பி, ஒண்ட பச்சை இண்டைக்கும் வாங்கிக் கட்டப்போறான்" என்று வரும்போதே படலையில் நின்று கத்துவார்.

"முதல் உள்ளுக்கு வாங்கோ நானா. உங்கட ஆள் குளிச்சிட்டு வந்தவனோ எண்டு பாப்பம்."

"மீசைக்கு எண்ணெய் வெச்சுத்தான் வந்திரிக்கான். ஒண்ட ஆள் ஏன் மூஞ்சியை மூடிக்கிட்டு வாறான்? கடன்காரனுக்குப் பயமா?"

அப்பாவின் முகம் அந்த ஒரு மணிநேரம் மட்டும் வேறாக இருக்கும். மற்ற நாட்களில் போர்க்காலச் சோதனைச்சாவடி, ஊரடங்கு நேரம், அடையாள அட்டை என்றே கதை. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் இன்று வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்ப்பேன்.

அப்பாவுக்கு அது ஏற்பாடு செய்த சண்டை என்று தெரியும். அதை அவர் மறைத்ததுமில்லை. ஒருநாள் நானாவுக்கு விளக்கியது நினைவிருக்கிறது.

"மா மூட்டை அம்பது கிலோ நானா. தூக்கேக்க அது எங்களுக்கு ஒரு உதவியும் செய்யாது. இவனைப் பாருங்கோ, மீசை தூக்க முதலே முழங்காலை மடிச்சுத் துள்ளுறான். இது ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிற வேலை."

"அப்ப நீ ஏன் வாயைப் பொளந்துகிட்டுப் பாக்காய்?"

"சேர்ந்து செய்தாலும் முதுகு அடிபடுறது மெய்தானே."

நான் அதை வேறுமாதிரி விளங்கிக்கொண்டேன். தன்னை அடிக்கப்போகிறவனுக்கே துள்ளி உதவி செய்கிறான், பச்சை முகமூடி அவ்வளவு நல்லவன் என்று. அதன்பிறகு அவன்மேல் எனக்கிருந்த அன்பு அளவு கடந்துபோனது.

பிறகு ஒரு புதன்கிழமை அறிவித்தார்கள். அடுத்துவரும் சண்டையில் பச்சை முகமூடி தோற்றால் எல்லோர் முன்னாலும் முகமூடியைக் கழற்றவேண்டும். ஒருவனுடைய முகத்தை அவன் விரும்பாமல் எல்லோரும் பார்ப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று நினைத்தேன். அப்போது ராணுவத்தினர் எங்களைப் பேருந்திலிருந்து இறக்கி வரிசையில் விட்டு முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அதனாலும் இருக்கலாம்.

அந்த வருடம் எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போனார். அர்ச்சனைத் தட்டை என் கையில் தந்து, "நீயே குடு. பேரையும் நட்சத்திரத்தையும் வடிவாச் சொல்லு. சோதினை நல்லாச் செய்யவேணும் எண்டு கும்பிடு" என்றார். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "யாற்ற பேருக்கு?" என்று கேட்டார்.

நான் பச்சை முகமூடிக்குத்தான் கேட்க நினைத்தேன். தட்டு கைக்கு வந்ததும் அந்த எண்ணம் வந்தது, தடுக்க முடியவில்லை. ஆனால் அவனுடைய உண்மைப் பேர் தெரியாது. நட்சத்திரம் அதைவிடத் தெரியாது. ஐயர் அவசரமாக நின்றார். என் பேரையும் என் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, மனதுக்குள், "இது அவனுக்கு, அவன்ர முகமூடி கழராமல் இருக்கவேணும்" என்று அம்மனிடம் சொன்னேன். திருநீறு வாங்கி வெளியே வந்து கோயில் வீதியில் செருப்பைப் போடும்போதே பயம் பிடித்துக்கொண்டது. என் நட்சத்திரத்தில் அவனுடைய வேண்டுதல் போய்விட்டது. இனி அவன் தோற்றால் அந்தத் தோல்வி என்மேல்தான் எழுதப்படும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சோதினைக்கென்று காசு கொடுத்து வாங்கிய அர்ச்சனையை ஒரு மல்யுத்தக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

புதன்கிழமை வீடு நிரம்பியது. சண்டை நீண்டுகொண்டே போனது. கடைசியில் மீசைக்காரன் பச்சை முகமூடியைத் தலைகீழாகத் தூக்கி அடித்து, மேலே விழுந்து அமர்த்தினான். மூன்று எண்ணும்வரை தோள் எழும்பாவிட்டால் தோல்வி. நடுவர் குப்புறப் படுத்துத் தரையில் அடித்தார். ஒன்று. இரண்டு. மின்சாரம் போனது.

இருட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நானா, "மூணு! மூணு! முடிஞ்சுது!" என்றார். "ரெண்டுதான் நானா, தோளைத் தூக்கிட்டான், நான் கண்டனான்" என்றார் அப்பா. அரிக்கன் விளக்கை ஏற்றிக்கொண்டு அம்மா குசினியிலிருந்து வந்தபோதும் அவர்கள் நிறுத்தவில்லை. மின்சாரம் விடியும்வரை வரவில்லை.

வியாழக்கிழமை பாடசாலையிலிருந்து வரும்போதே எனக்குக் குளிர்ந்தது. இரவுக்குள் காய்ச்சல் கொதித்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி இரத்தம் பார்த்து, மலேரியா என்று மாத்திரை தந்து அனுப்பினார்கள். அந்தக் கசப்பை எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியாது. முதல் மாத்திரையை வாந்தி எடுத்தேன். இரண்டாவதற்கு வாயைத் திறக்கவில்லை.

கசப்பு மட்டும் காரணமில்லை. என் கணக்குத் தெளிவாக இருந்தது. அவன் தோற்றுவிட்டான், அதனால்தான் எனக்கு இது வந்திருக்கிறது, அப்படியென்றால் மாத்திரை குடித்தும் பயனில்லை. அம்மா கெஞ்சினார், பிறகு அடித்தார், பிறகு அழுதார். எங்கள் ஒழுங்கையில் அதற்கு முந்திய வருடம்தான் ஒரு பிள்ளை மலேரியாவில் இறந்திருந்தது. அப்பா கட்டில் ஓரத்தில் இருந்து, "ஏன் மகள் குடிக்க மாட்டன் எண்டுறாய்?" என்று கேட்டார்.

"பச்சை முகமூடி வெண்டதோ எண்டு தெரியாமக் குடிக்க மாட்டன்."

காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று அம்மா நினைத்தார். அப்பா அப்படி நினைக்கவில்லை போலும். "சரி. நான் கேட்டுக்கொண்டு வாறன்" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா வந்தார். உடுப்பு மாற்றவில்லை, காலும் கழுவவில்லை. நேரே கட்டிலுக்கு வந்தார்.

"மகள், வெண்டிட்டான். கோதுமைக் கப்பல்காரன் ஒருத்தன் சொன்னவன். அவங்கட நாட்டில இதெல்லாம் எப்பவோ காட்டி முடிஞ்சிருக்கும். முகமூடி கழரேல்லை."

சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய பொதியை எடுத்தார். காய்ந்த மாம்பழத் துண்டுகள். கப்பல்காரன் தந்தானாம். மாத்திரையை வாயில் வைத்துத் தண்ணீரைக் குடித்து, பின்னால் ஒரு துண்டைக் கடித்தேன். இந்த முறை வாந்தி வரவில்லை.

நான் விழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் படலையில் நானாவின் குரல் கேட்டது. கிண்ணியாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "தம்பி! டேய் தம்பி!" என்று பெரிய சத்தமாக வந்தவர், அறை வாசலில் என்னைக் கண்டு நின்றுவிட்டார்.

"நானா, பச்சை வெண்டிட்டான்! கப்பல்காரனே சொல்லிப்போட்டான்" என்றார் அப்பா.

நானா என்னையும், என் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையையும், அம்மாவின் முகத்தையும் பார்த்தார். "அப்பிடியா?" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சரி புள்ள. ஒங்கட ஆள் வெண்டுட்டான். நாங்க தோத்துட்டம்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அப்பா அதைச் சொல்லி அவரைச் சீண்டினார். நானா வாயைத் திறக்கவில்லை. பச்சை முகமூடி அந்த நிகழ்ச்சியில் பிறகு வரவேயில்லை. வென்றவன் ஏன் வரவில்லை என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. காய்ச்சல் மாறியது, சோதினை எழுதினேன், இரண்டு புள்ளியால் தவறினேன்.

குழந்தை மடியில் நெளிந்தது. நான் விரலை வைத்தேன். ஆறு நிமிடம் ஓடியது.

மூன்று. நடுவர் மூன்றாவது முறை தரையில் அடித்தார். தோள் எழும்பவேயில்லை. மீசைக்காரன் முகமூடியின் பின்பக்க நாடாவை ஒவ்வொரு துளையாக அவிழ்த்தான். உள்ளேயிருந்து வந்தது ஒரு சாதாரண முகம். முன்தலையில் முடி குறைந்த, வியர்த்து, நெற்றியில் தையல் அடையாளம் பதிந்த, நாற்பது வயது மனிதர். வங்கியில் எதிர்ப்பக்கம் இருந்து படிவம் நீட்டுபவர்களைப் போல இருந்தார். இவருக்காகவா நான் அர்ச்சனை செய்தேன் என்று சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னால் மற்றது வந்தது. அப்பா பொய் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போனேன். கேட்பதா விடுவதா என்று சீனன்குடாச் சந்தி வரும்வரை முடிவெடுக்கவில்லை. கேட்டால் என்ன பயன்? அவர் அன்று சொன்னது என்னைக் காப்பாற்றத்தானே? பிறகு, கேட்காவிட்டால் நான் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கவேண்டி வருமே என்றும் தோன்றியது. முச்சக்கர வண்டியில் மகள், "அம்மா, ஏன் நீங்கள் தனியக் கதைக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் கேட்டேன்.

"அப்பா, எனக்கு மலேரியா வந்தநேரம் பச்சை முகமூடி வெண்டது எண்டு சொன்னனீங்கள். அது மெய்யோ?"

"ஓம். கப்பல்காரன் சொன்னவன்."

"மெய்யாவே கேட்டனீங்களோ?"

அப்பா என்னை வினோதமாகப் பார்த்தார். "கேளாமலோ? ரெண்டு நாள் தேடினனான். ஒருத்தன் மல்யுத்தப் படம் போட்ட பெனியனோட இறங்கினான். பிலிப்பைன்ஸ்காரன். எனக்கு இங்கிலீஷ் ஏலாதே. கையால காட்டிக் கேட்டனான்." எழும்பி நின்று காட்டினார். முகத்தை இரண்டு கையாலும் மூடினார், பச்சைக்கு வேலியோரத்து வாழை இலையைச் சுட்டினார், மீசையை இழுத்தார். பிறகு இடுப்பு உயரத்தில் கையை வைத்து என்னைக் காட்டினார், நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் என்றார், வாயை இறுக்கி மூடி மாத்திரை வேண்டாம் என்று தலையாட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவன் என்ன சொன்னவன்?"

"கொஞ்சம் யோசிச்சவன். பிறகு பெருவிரலைத் தூக்கி, 'வின், வின்' எண்டவன். பைக்குள்ள இருந்த மாம்பழத்தையும் தந்துவிட்டவன். ஏன் இப்ப கேக்கிறாய்?"

கைபேசியை நீட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து, ஆறு நிமிடத்தையும் பார்த்தார்.

"தோத்திருக்கிறான்!" என்றார். அவருடைய குரலில் நடிப்பில்லை. அப்பா நடித்தால் எனக்குத் தெரியும். அவருக்கு அது வராது. "அப்ப அந்தப் பெடியன் எனக்கு ஏன் பொய் சொன்னவன்?"

அந்தக் கப்பல்காரனுக்கு முடிவு தெரிந்திருந்ததா, அல்லது அப்பா நடித்துக் காட்டிய காய்ச்சல் பிள்ளையை மட்டும் விளங்கிக்கொண்டு பெருவிரலைத் தூக்கினானா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் யோசிக்கிறேன். இதற்குள் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குசினி வாசலில் நின்ற அம்மா கேட்டார்.

"அதுசரி, அவன் வெண்டாத்தான் குளிசை குடிப்பன் எண்டு உனக்கு ஏன் அப்பிடி ஒரு பிடிவாதம்?"

சொல்லவேண்டி வந்தது. அர்ச்சனைக் கதையைச் சொன்னேன்.

"சோதினைக்குச் செய்த அர்ச்சனையையோ?" அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே வந்தார். "அந்த மொட்டையனுக்கோ குடுத்தனீ? ரெண்டு புள்ளி! ரெண்டு புள்ளியால போச்சு எண்டு எத்தனை நாள் யோசிச்சனான்!"

"விடு, இப்ப அவள் படிச்சு முடிச்சிட்டாள்தானே" என்றார் அப்பா. ஆனால் அவருடைய கவலை வேறு. "எனக்கு நானாவை நினைக்கத்தான் வெக்கமாக் கிடக்கு. எத்தினை வருசம் அந்த மனிசனைப் பகிடி பண்ணினனான். வேலைத்தலத்தில எல்லாருக்கும் முன்னால. ஒருக்கா எடு பாப்பம் அவருக்கு."

நானாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கிண்ணியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். கைபேசியைச் சத்தமாக வைத்து நடுவில் வைத்தேன்.

"நானா, ஒரு பிழை நடந்துபோச்சு" என்று அப்பா தொடங்கினார். "அந்தப் பச்சை முகமூடி... அவன் தோத்துத்தான் இருக்கிறான். மகள் இப்ப போனில காட்டினவள்."

"தெரியுமே" என்றார் நானா.

"என்ன தெரியும்?"

"அப்பவே தெரியும் தம்பி. மச்சினன் சவூதியில இருந்து கெசட் கொண்டாந்திரிந்தான். கரண்ட் போன கெழமையே வெள்ளிக்கிழமை ஊட்ட போய்ப் பாத்துட்டன். மறுநாள் ஒனக்குச் சொல்லிக் குதிக்கத்தான் ஓடி வந்தன்."

நான் கைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"நானா, அப்ப ஏன் சொல்லேல்லை?"

"யாரு, புள்ளயா? எப்பிடிச் சொல்ற? வாசல்ல வந்து பாத்தா நீங்க குளிசையை முழுங்குறீங்க. ஒங்கட உம்மா அல்லாடிக்கிட்டு நிக்கிறா. மீசைக்காரன் வெண்டான்னு நான் சொல்லி, நீங்க அதைத் துப்பினா? ஒங்களை ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓட மீசைக்காரனா வருவான்?"

"அதுக்குப் பிறகாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே நானா" என்றார் அப்பா. "நான் எவ்வளவு பகிடி பண்ணினனான்."

"ஒனக்குச் சொன்னா புள்ளைக்கிச் சொல்லிடுவாய். ஒனக்குப் பொய் வராதே."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைபேசியைப் பார்த்தபடி இருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனார். எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை, அந்த நிம்மதி இருந்தது. ஆனால் அந்த மாத்திரை என் தொண்டையில் இறங்கியது வேறு இரண்டு பேரின் பொய்யால். அதில் ஒருவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஊசி நோகும் என்று மகளுக்குச் சொன்னது சரியா என்ற வழக்கு, முடிவதற்குப் பதிலாக இன்னும் குழம்பிப்போனது.

"புள்ள" என்றது கைபேசி. "அந்த வீடியோ ஒங்ககிட்ட இரிக்கா?"

"ஓம் நானா."

"எனக்கு அனுப்புங்க. கெசட்டு அப்பவே பூஞ்சணம் புடிச்சுப் போச்சு."

அனுப்பினேன். அழைப்பு துண்டானது. நாங்கள் தேத்தண்ணி குடித்தோம். குழந்தைக்குத் துணி மாற்றினேன். மகள், தோற்றவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன், அது உண்மை. பிறகு கைபேசி ஒலித்தது. நானாவின் குரல் பதிவு.

"பாத்தியா தம்பி! மூணு! மூணுன்னு சொன்னனா இல்லியா! தோளைத் தூக்கினானாம்! எங்க தூக்கினான்? எந்தத் தோளை? ஒண்ட ஆள்ட மூஞ்சியைப் பாரு, இதை மூடி வெச்சதே நல்லம்!"

மூச்சு வாங்கும் சத்தத்தோடு அது முடிந்தது. அப்பா சிரித்தபடி பதில் சொல்லக் கைபேசியை வாங்கினார். அவர் வாயைத் திறக்குமுன் இரண்டாவது பதிவு வந்தது, உடனே மூன்றாவது. அப்பா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கைபேசியை மேசையில் வைத்தார்.

"கதைச்சு முடிக்கட்டும்" என்றார். "இருவத்துநாலு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்த மனிசன்."